ந-7 என்கிற ஆள்

மார்ச் 6, வியாழன்

அண்ணனுக்கு,

ஏழு மாதம் கழித்து எழுதும் முதல் கடிதத்தைத் திட்டித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் ஐஸ் எதற்கு வைத்தாய்? பிளேட்லெட் டியூப் குளிரில் வரக் கூடாது, அறைச் சூட்டிலேயே வர வேண்டும் என்று உங்கள் கிளினிக்குக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். அதை யார் படித்தார்களோ தெரியவில்லை. பன்னிரண்டு டியூப்பில் ஐந்தில் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிட்டது. மெஷின் கொத்தை எண்ணாது. ஐந்து பேரை நீ மறுபடி குத்த வேண்டும்.

இந்த ஆய்வில் உங்கள் கல்லீரல் கிளினிக்கைச் சேர்த்தபோதே எனக்குத் தெரியும், அங்கே ரத்தம் எடுக்கிறவர் நீ, இங்கே மெஷின் முன்னால் உட்காருகிறவள் நான் என்று. வேறு ஊரே கிடைக்கவில்லையா இவர்களுக்கு என்று நினைத்தேன். பரவாயில்லை, வேலை வேலைதான்.

போன் செய்திருக்கலாம். செய்தால் நான் கத்துவேன், நீ சிரிப்பாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். கடைசியாக அப்பா இறந்த விஷயம் பேசியபோது அப்படித்தானே ஆனது. செவ்வாய்க்கிழமை வேனில் உன் பெட்டி வருகிறது, வியாழக்கிழமை காலியாகத் திரும்புகிறது. அதில் இதைப் போட்டுவிடுகிறேன்.

ரத்தம் எடுத்த நேரத்தை டியூப் மேல் எழுது. வேன் நாலு மணி நேரம் எடுக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் எனக்கு வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து,
தங்கை


மார்ச் 11, செவ்வாய்

அன்புள்ள கடுகுக்கு,

வெடித்துவிட்டாயா, சந்தோஷம். ஏழு மாதமாக வெடிக்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐஸ் வைத்தது நான்தான். இருபது வருஷப் பழக்கம், பெட்டியைத் திறந்தால் கை தானாக ஐஸைத் தேடுகிறது. ஐந்து பேரையும் கூப்பிட்டு மறுபடி எடுத்துவிட்டேன். ஒரு பெரியவர் மட்டும், "போன வாரம் எடுத்தது எங்கய்யா போச்சு, வித்துட்டியா?" என்றார். மற்றவர்கள் முணுமுணுக்கவில்லை. எனக்கு இங்கே எறும்புக்காரர் என்று பெயர், தெரியுமா? நான் குத்தினால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்குமாம். உன் ஆய்வகத்தில் யாருக்காவது அப்படி ஒரு பெயர் உண்டா?

எல்லாரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். ஏற்கனவே மூன்று டியூப் கொடுக்கிறோம், நாலாவது எதற்கு? நான் "இளசு பிளேட்லெட் எண்ணப் போறாங்க" என்று சொல்லி வைத்தேன். "எண்ணி என்ன பண்ணுவாங்க?" என்றால் முழிக்கிறேன். எனக்குப் புரிகிற மாதிரி எழுது, அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆட்கள் பத்துப் பேர் கேட்டிருந்தாய் அல்லவா? போன வாரம் நாலு, இந்த வாரம் மூன்று. ந-5 எங்கள் காவலாளி, ந-6 மருந்துக் கடைக்காரம்மா. பெயர் சொல்லக் கூடாது என்று நீ குதிப்பாய், சொல்லவில்லை. ந-7 கடைசி நிமிஷத்தில் கிடைத்த ஆள்.

உன் அண்ணி நலம், பாப்பா கணக்கில் மட்டும் உன் மாதிரி. நான் அலமாரிக் கதவில் கையை இடித்துக்கொண்டேன், முழங்கை முழுக்க நாவல் பழ நிறம். கண் தெரியவில்லையா என்கிறாள் அண்ணி. வயசாகிறது, வேறென்ன.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 13, வியாழன்

அண்ணனுக்கு,

இந்த வாரப் பெட்டி சரியாக வந்தது. நன்றி.

கேட்டதற்குப் பதில். பிளேட்லெட் எலும்பு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்துக்குள் வருகிறது. வந்த முதல் ஒரு நாள், பிறந்த இடத்துச் சரக்கு கொஞ்சம் அதற்குள் இருக்கும். அந்தச் சரக்கில் பிடிக்கிற சாயத்தைக் கலந்து லேசர் முன்னால் ஓடவிட்டால் இளசுகள் பளிச்சென்று தெரியும். நூற்றுக்கு எத்தனை இளசு என்று மெஷின் சொல்லிவிடும். நோயில்லாதவர்களுக்கு இங்கே பெரும்பாலும் ஆறுக்குள்தான் வருகிறது.

கல்லீரல் கெட்டால் பிளேட்லெட் குறையும், அது உனக்கே தெரியும். ஏன் குறைகிறது என்பதுதான் கேள்வி. வீங்கிய மண்ணீரல் பிடித்து வைத்துக்கொள்கிறதா, இல்லை "இன்னும் செய்" என்று கல்லீரல் மஜ்ஜைக்கு அனுப்ப வேண்டிய தகவலே போய்ச் சேரவில்லையா? இளசு நிறைய இருந்தால் மஜ்ஜை உழைக்கிறது, சரக்கு வேறு எங்கோ காணாமல் போகிறது. இளசு குறைந்தால் பிறப்பதே குறைவு. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும், அதனால்தான் இத்தனை டியூப். அப்பாவுக்கு யாரும் இதை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை. எனக்கு எதுவுமே தெரியாமல் போனதே, அதைத்தான் சொல்கிறேன்.

சரி, அது வேண்டாம். ந-7 பற்றிப் பேச வேண்டும். அவருக்குப் பிளேட்லெட் எழுபத்தெட்டாயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். இளசு நூற்றுக்குப் பதினொன்று. இது நோயில்லாத ஆளின் ரத்தம் மாதிரி இல்லை, உங்கள் நோயாளிகள் வரிசையில் உட்கார வேண்டிய ரத்தம். வேடிக்கை என்னவென்றால் அவருடைய சிவப்பணு நம் வீட்டு ஆட்களுடையது போலவே சின்னது. நான் படிக்கும்போது மூன்று பேர் ரத்தத்தையும் பார்த்தேனே, உன்னுடையதையும் அப்பாவுடையதையும் நீயே எடுத்துக் கொடுத்தாய், என்னுடையதை மட்டும் நீ கேலி செய்வாய் என்று தோழியிடம் எடுத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும் அளவு நமக்கு அறுபத்து மூன்று, அறுபத்து நாலு. பிறவியிலேயே அப்படி, அதனால் ஒரு கெடுதலும் இல்லை. உலகத்தில் நம்மைப் போல இன்னும் ஒருத்தர் உண்டு என்று சிரித்தேன்.

ஊதா மூடி டியூப்பில் இருக்கும் மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் பிளேட்லெட் ஒட்டிக்கொள்ளும், அப்போது எண்ணிக்கை பொய்யாகக் குறையும். ஆகவே அவரிடம் ஊதா ஒன்று, வேறு மருந்துள்ள நீலம் ஒன்று மறுபடி எடு. கல்லீரல் டாக்டரிடமும் சொல்லிவிடு.

தங்கை


மார்ச் 18, செவ்வாய்

அன்புள்ள கடுகுக்கு,

நீ விளக்கியதை அப்படியே சொன்னேன். அந்தப் பெரியவர், "அப்போ என் மஜ்ஜை உழைக்குதா ஏமாத்துதான்னு பார்க்கிறாங்க" என்றார். உன் இரண்டு பக்கத்தைவிட இது தேவலை.

ந-7 விஷயத்தில் தப்பு என் மேல். அந்த டியூப்பை முந்தின நாளே எடுத்துவிட்டு மறந்து, காலையில் நேரம் மாற்றி எழுதினேன். பழசானதால்தான் உன் எண்கள் கண்டபடி வந்திருக்கும். அந்த ஆள் இப்போது லீவில் இருக்கிறார். எங்கள் மெஷினில் போன வருஷம் அவருக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் இருந்தது, யாரும் கவலைப்படவில்லை. நீ ஒரு டியூப்பை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டாதே. டாக்டரிடம் இப்போதைக்குச் சொல்லவில்லை, அவருக்கு ஆயிரம் வேலை.

பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. நல்ல பிரஷ் எது என்று உனக்குத் தெரியுமா? அண்ணி வாங்கியது முள்ளாகக் குத்துகிறது.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 20, வியாழன்

அண்ணனுக்கு,

நீ பொய் நேரம் எழுதினாய் என்று படித்ததும் பெட்டியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. உன் சாக்கு உண்மைதானா என்று சோதித்துப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு என் ரத்தத்தை எடுக்கச் சொல்லி, ஒரே டியூப்பை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷினில் வைத்தேன். நடுவில் வேறு வேலை ஓடவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், கை கழுவினேன், கழுவிய கையையே மறுபடி கழுவினேன். ஆய்வை நடத்தும் எங்கள் பெரிய டாக்டர் வந்து, "யாருக்காகம்மா இவ்வளவு பதட்டம்?" என்றார். ஒரு டியூப்புக்காக என்றேன்.

நேற்றுக் காலையில் எனக்கு இளசு மூன்று. இன்று காலை ஆறு. நின்ற ரத்தத்தில் பிளேட்லெட் உப்பி, மெஷின் ஏமாறுகிறது. அதுவரை நீ சொன்னது சரி. ஆனால் எண்ணிக்கை இரண்டு லட்சத்து அறுபதாயிரத்திலிருந்து அசையவே இல்லை. டியூப் ஒரு நாள் காத்திருந்தால் இளசு கூடும், பாதி பிளேட்லெட் காணாமல் போகாது. ஒட்டிக்கொண்டதோ என்று ந-7 ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் மூலை மூலையாகத் தேடினேன். ஒரு கொத்துகூட இல்லை.

உங்கள் மெஷின் சொன்ன ஒரு லட்சத்து முப்பதாயிரத்தையும் நம்பாதே. அந்தப் பழைய மெஷின் சாயம் பார்க்காது, அளவை மட்டும் பார்க்கும். சின்னதாக எது போனாலும் பிளேட்லெட் கணக்கில் சேர்த்துவிடும். ந-7க்குச் சிவப்பணுவே சின்னது, அதில் கொஞ்சத்தைப் பிளேட்லெட் என்று எண்ணியிருக்கிறது. பிறவிக் குணம் ஒன்று நோயை மூடி வைத்திருக்கிறது. பாவம், அந்த ஆளுக்குத் தான் நன்றாக இருக்கிறோம் என்று நினைப்பு.

லீவு முடிந்ததும் இரண்டு டியூப். சாக்கு வேண்டாம்.

தங்கை


மார்ச் 25, செவ்வாய்

அன்புள்ள கடுகுக்கு,

இதோ உன் ந-7. ஊதா ஒன்று, நீலம் ஒன்று, ஐஸ் இல்லை, நேரம் உண்மை. பார், எல்லாம் சரியாக இருக்கும். இதோடு அந்த மனிதரை விட்டுவிடு. நீயும் கொஞ்சம் தூங்கு. சின்ன வயசிலிருந்தே ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாய்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 27, வியாழன்

அண்ணா,

புது ந-7க்குப் பிளேட்லெட் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், ஊதாவிலும் நீலத்திலும். இளசு நாலு. அழகான ரத்தம். பெரிய டாக்டர்கூட, போன தடவை ஏதோ கோளாறு, இதை எடுத்துக்கொள் என்றார். எடுத்துக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்தேன்.

அப்புறம் சிவப்பணு அளவைப் பார்த்தேன். எண்பத்தொன்பது.

பிளேட்லெட் ஏறும், இறங்கும். சிவப்பணு இரண்டு வாரத்தில் அறுபத்து மூன்றிலிருந்து எண்பத்தொன்பதுக்கு வளராது. இது வேறு ஆளின் ரத்தம். எவருடையது என்று நான் கேட்கவில்லை. முதலில் வந்தது எவருடையது என்றும் கேட்கப் போவதில்லை. அறுபத்து மூன்று என்று பார்த்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். நம்மைப் போல இன்னும் ஒருத்தர் என்று சிரித்தேன் பார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். நாவல் பழ நிறத்தில் முழங்கை. பல் தேய்த்தால் ரத்தம். எழுதியே அனுப்பியிருக்கிறாய், நான் பிரஷ் பெயர் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா, அப்பாவின் கல்லீரலைக் கெடுத்த வைரஸ் உனக்கும் இருக்கலாம். நான் என்னைச் சோதித்துக்கொண்டேன், எனக்கு இல்லை. நீ என்றைக்காவது பார்த்தாயா? கிளினிக்கில் சேரும்போது தடுப்பூசி போடாமலே போட்டதாகக் கையெழுத்துப் போட்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அப்பா, உணவுக் குழாயில் ரத்தக் குழாய் வீங்கி வெடித்துத்தான் போனார். வெடிக்கும் முன்னால் பார்த்தால் கட்டுப்போட முடியும். முன்னால் என்பதுதான் விஷயம். நீ உட்காரும் நாற்காலியிலிருந்து கல்லீரல் டாக்டர் அறை பத்தடி. அந்தப் பத்தடி நட.

டியூப் மாறியதை நான் மறைக்க முடியாது. பெரிய டாக்டரிடம் திங்கட்கிழமை சொல்லிவிடுவேன். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. உன்னை இழப்பதைவிட உன் வேலை போவது எனக்குப் பெரிதில்லை. நீ கோபித்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 3, வியாழன்

அண்ணா,

செவ்வாய்க்கிழமைப் பெட்டியில் எட்டு டியூப் இருந்தது, கடிதம் இல்லை. பஞ்சைக்கூட எடுத்துத் தேடினேன். லேபிளில் இருப்பது உன் கையெழுத்து இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அண்ணி எடுத்து, "அவர் பேசுவாரும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சொன்னபடி திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். ந-7ஐப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தங்கை


ஏப்ரல் 8, செவ்வாய்

அன்புள்ள கடுகுக்கு,

போன வாரம் ரத்தம் எடுத்தது நான் இல்லை, பக்கத்து நாற்காலி நர்ஸ். என்னைப் பத்து நாள் ஊசியைத் தொடக் கூடாது என்று உட்கார வைத்திருக்கிறார்கள். விரட்டவில்லை, திட்டினார்கள். உன் அளவுக்குத் திட்டத் தெரியவில்லை.

பத்தடி நடந்தேன். நீ சொன்னதுதான், அப்பாவுடைய அதே வைரஸ். கல்லீரல் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். அப்புறம், "லேட்டா வந்திருக்கீங்க. ஆனா கைவிட்டுப் போற அளவுக்கு லேட் இல்ல" என்றார். தினம் ஒரு மாத்திரை. வரும் வெள்ளிக்கிழமை வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள், வீக்கம் இருந்தால் அப்போதே கட்டு. அண்ணிக்கும் பாப்பாவுக்கும் பார்த்தாயிற்று, இல்லை. தடுப்பூசியும் போட்டாயிற்று.

ஏன் என் ரத்தத்தை உனக்கு அனுப்பினேன் என்று கேட்பாய். ஆள் குறைந்தது என்று சொல்லலாம். அது பொய். எனக்குத் தெரிய வேண்டும், ஆனால் யாரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. ஒரு எண்ணுக்குப் பின்னால் நின்று கேட்கலாம் என்று நினைத்தேன். இடது கையைக் கட்டி, வலது கையால் நானே குத்தி எடுத்தேன். நீ எழுபத்தெட்டாயிரம் என்று எழுதியதும், கேட்டது போதும் என்று ஓடப் பார்த்தேன். இரண்டாவது டியூப் காவலாளியுடையது. அவரிடம் இன்னொரு தடவை வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நம் வீட்டுச் சிவப்பணுவை நான் மறந்தேன், நீ மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது. உனக்குப் பரீட்சை, அதனால் சொல்ல வேண்டாம் என்று அப்பாதான் சொன்னார் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அப்பா அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்த அந்த மூன்று நாளில், "கடுகு வந்துட்டாளா?" என்று மூன்று தடவை கேட்டார். வருகிறாள் என்றேன். உனக்குப் போன் செய்யவே இல்லை. செய்தால் அப்பாவுக்கு என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தால் எழுதியிருப்பேன்.

பெட்டியில் மேல் வரிசையில் க-41 என்று ஒரு டியூப் இருக்கிறது. இந்தத் தடவை நோயாளிகள் வரிசையில் முறைப்படி சேர்ந்திருக்கிறேன். நர்ஸ் மூன்று தடவை குத்தினாள், வலித்தது. எண்ணைக் கடிதத்தில் எழுதாதே.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 10, வியாழன்

அண்ணா,

மூன்று தடவை கேட்டாரா.

அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டிவிட்டு உன் டியூப்பை மெஷினில் வைத்தேன். லேபிளை இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு பூட்டைத் திறந்து மறுபடி படித்தேன். ஒரு பக்கம் உன்னைக் கொல்ல வேண்டும் போல இருக்கிறது. இன்னொரு பக்கம் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது, என்னால் உட்கார முடியவில்லை. மன்னிப்பு என்று இப்போது கேட்காதே. என்னிடம் இல்லை. இருந்தால் கொடுத்திருப்பேன்.

எண்ணை எழுதவில்லை. நானே வந்து, உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இன்று காலிப் பெட்டியோடு வேனில் நானும் ஏறுகிறேன். வேன்காரர், "பெட்டிக்குத் துணையாம்மா?" என்று சிரிக்கிறார். அப்படியென்றால் இந்தக் கடிதம் எதற்கு என்பாய். நேரில் வந்தால் கத்திவிடுவேன், இதையெல்லாம் சொல்ல வராது. அதனால் முதலில் பெட்டியைத் திற, படி, அப்புறம் என்னிடம் பேசு. நாளை குழாய் விடும்போது வெளியே அண்ணியோடு உட்கார்ந்திருப்பேன். உள்ளே என்ன நடந்தாலும் எனக்கு உடனே தெரிய வேண்டும். ஒன்று விடாமல் தெரிய வேண்டும்.

ஒரு வேலையும் இருக்கிறது. ந-7 இடம் காலி. வேறு ஆள் பிடி என்றார் பெரிய டாக்டர். பிடித்துவிட்டேன். வயது முப்பத்தொன்று, வைரஸ் இல்லை, பிளேட்லெட் இரண்டு லட்சத்து அறுபதாயிரம், சிவப்பணு மட்டும் கொஞ்சம் சின்னது. இந்தத் தடவை தோழி யாரும் இல்லை. உன் பத்து நாள் முடிந்ததும் முதல் டியூப் என்னுடையதுதான், நீதான் எடுக்க வேண்டும், அதுவரை நான் இங்கே திரும்பப் போவதில்லை. லீவு சொல்லியாயிற்று.

எறும்பா இல்லையா என்று நான் சொல்கிறேன்.

கடுகு